பிளேரைட்ஸ் ஹொரைசன்ஸ்: புதிய நாடகங்களுக்கென்றே ஒரு சின்ன அரங்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நியூயார்க்கின் 42ஆம் தெருவில் இருக்கும் பிளேரைட்ஸ் ஹொரைசன்ஸ் அரங்கைப் பற்றி நாடகப் பிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உலகம் முழுக்கப் பாடப்படும் பல மியூசிக்கல்களை, அதாவது பாட்டாலும் கதை சொல்லும் நாடகங்களை, அந்நகரம் முதலில் கேட்டது இங்கேதான். நாடகத்தின் பெயர் தெரிந்தவர்களுக்குக்கூட அதைப் பெற்றெடுத்த அரங்கின் பெயர் தெரிவதில்லை. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இது எந்த மாதிரி அரங்கு?

லாப நோக்கமில்லாத நாடக நிறுவனம். இன்று உயிரோடு இருந்து எழுதிக்கொண்டிருக்கும் அமெரிக்க எழுத்தாளர்களின் புதிய நாடகங்களையும் மியூசிக்கல்களையும் மேடையேற்றுவதுதான் இதன் வேலை. ஷேக்ஸ்பியரையும் இப்சனையும் தேடி யாரும் இங்கே வருவதில்லை. ஒத்திகை நடக்கும்போது எழுத்தாளரும் அறையில் இருப்பார். ஒரு வசனம் நடிகரின் வாயில் ஒட்டவில்லை என்றால் அதை மாற்றி எழுதிக் கொடுப்பார். மற்ற இடங்களில் நாடகத்தை எப்படிப் போடுவது என்று மட்டும் யோசித்தால் போதும். இங்கே நாடகம் எது என்பதையே ஒத்திகையில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

யார் ஆரம்பித்தார்கள்?

ராபர்ட் மாஸ், 1971இல். மன்ஹாட்டனில் கிளார்க் சென்டர் என்ற ஒய்.டபிள்யூ.சி.ஏ. (இளம் கிறிஸ்தவப் பெண்கள் சங்கம்) கட்டடத்தில் தொடங்கியது. 1970களின் நடுவில் 42ஆம் தெருவின் மேற்குப் பகுதிக்கு இடம் மாறினார்கள். அந்தக் காலத்தில் அது யாரும் விரும்பிப் போகிற தெரு இல்லை. ஆபாசப் பட அரங்குகளும் மசாஜ் நிலையங்களும் போதைப் பொருள் வியாபாரமுமாக இருந்தது. மாஸ் குழு எடுத்த கட்டடமும் அப்படிப்பட்ட ஆட்டக்கூடமாக இருந்ததுதான். வாடகை குறைவு, இடமும் கிடைத்தது, போய்விட்டார்கள். அப்புறம் மற்ற சிறு அரங்குகளும் பக்கத்தில் வந்து சேர, 1978வாக்கில் அந்தப் பகுதி 'தியேட்டர் ரோ' என்று உருவெடுத்தது. 42ஆம் தெரு மாறிய கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 1990களில் வந்த பெரிய நிறுவனங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு இருபது வருடம் முன்பே நாடகக்காரர்கள் அங்கே விளக்கேற்றியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

'சின்ன அரங்கு' என்றால் எவ்வளவு சின்னது?

இப்போதைய கட்டடம் பழைய இடத்திலேயே புதிதாகக் கட்டப்பட்டு 2003இல் திறக்கப்பட்டது. பெரிய கூடத்தில் 198 இருக்கை, சிறிய கூடத்தில் 128. நியூயார்க்கில் 500 இருக்கைக்கு மேல் இருக்கும் குறிப்பிட்ட சில அரங்குகள்தான் பிராட்வே கணக்கில் வரும். அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி அவற்றில் நடக்கும் நாடகங்களுக்கு மட்டுமே. நூறிலிருந்து 499 வரை இருந்தால் அது ஆஃப் பிராட்வே. ஆக, பிளேரைட்ஸ் ஹொரைசன்ஸில் ஒரு நாடகம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், அங்கே நடக்கிற வரை அதற்கு டோனி கிடையாது. எழுத்துக்குக் கொடுக்கும் பெரிய அமெரிக்கப் பரிசான புலிட்சருக்கு அந்த எல்லை இல்லை.

நாடகத்துக்காகத் தொடங்கிய இடத்துக்கு மியூசிக்கல் எப்படி வந்தது?

இரண்டு பேரால். ஒருவர் ஆந்த்ரே பிஷப். 1975இல் வந்து சேர்ந்து, நாடகப் பிரதிகளைப் படித்துப் படித்தே மேலே வந்தவர். 1981இல் கலை இயக்குநர் ஆனார், அதாவது எந்த நாடகத்தை எடுப்பது என்று முடிவு செய்யும் தலைவர். இன்னொருவர் ஐரா வைட்ஸ்மன். மியூசிக்கலுக்கென்று தனிப் பிரிவை 1970களின் பிற்பகுதியில் தொடங்கி நடத்தியவர் அவர்தான்.

அவர்கள் கண்டெடுத்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஃபின். அவருடைய 'இன் டிரவுசர்ஸ்' 1979இல் இங்கே நடந்தது. மார்வின் என்ற மனிதனின் குழப்பங்களைப் பாட்டாகவே சொன்ன சின்னப் படைப்பு. பெரிய பெயர் வாங்கவில்லை. வழக்கமான தயாரிப்பாளர் யாராக இருந்தாலும் அத்தோடு கை கழுவியிருப்பார். இவர்கள் 1981இல் அதே மார்வினை வைத்து ஃபின் எழுதிய அடுத்த படைப்பையும் எடுத்தார்கள்: 'மார்ச் ஆஃப் தி ஃபால்செட்டோஸ்'. மனைவியையும் மகனையும் விட்டு ஓர் ஆணோடு வாழப் போகும் மார்வின், அதனால் கலகலத்துப் போகும் குடும்பம், நடுவில் நிற்கும் சிறுவன். இயக்கியவர் ஜேம்ஸ் லபைன்.

அந்த நாடகம் நடந்த வருடத்தில்தான் எய்ட்ஸ் நோயைப் பற்றிய முதல் செய்திகள் வரத் தொடங்கின. ஃபின்னுக்கும் அவர் கதாபாத்திரங்களுக்கும் தெரியாத ஒன்று வெளியே தொடங்கிவிட்டிருந்தது. 1990இல் அவர் மூன்றாம் பகுதியை எழுதினார், 'ஃபால்செட்டோலேண்ட்'. அதே அரங்கு, அதே மனிதர்கள், கதை நடப்பது 1981இல். மார்வினின் காதலன் விஸ்ஸர், பெயர்கூட வைக்கப்படாத ஒரு நோயில் விழுகிறான். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 1992இல் 'ஃபால்செட்டோஸ்' என்று பிராட்வே போய், கதைக்கும் பாடல்களுக்கும் டோனி வாங்கியது.

மூன்று சின்ன நாடகங்கள், பதினோரு வருடம், ஒரே கூரை. எனக்கு இந்த அரங்கின் மீது இருக்கும் மரியாதைக்கு முதல் காரணம் இதுதான். அவர்கள் நாடகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர் வளரும்வரை கூடவே இருந்தார்கள்.

புகழ்பெற்ற மியூசிக்கல் இசையமைப்பாளர் ஸ்டீபன் சான்ட்ஹைம் போன்ற ஒருவர் இவ்வளவு சின்ன இடத்துக்கு ஏன் வந்தார்?

அடி வாங்கியிருந்தார். 1981இல் அவருடைய 'மெரிலி வீ ரோல் அலாங்' பிராட்வேயில் திறந்து 16 காட்சிகளோடு மூடப்பட்டது. நாடக உலகத்தையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு மனம் கசந்திருந்தது. அந்த நேரத்தில் லபைனோடு பழக்கம் ஏற்பட்டது. லபைனுக்கு ஃபின்னோடு வேலை பார்த்ததில் 42ஆம் தெரு பழகிய வீடு. ஓவியர் ஜார்ஜ் ஸெராவின் புகழ்பெற்ற ஞாயிற்றுக்கிழமை ஓவியத்தை வைத்து இருவரும் எழுதிக்கொண்டிருந்த 'சண்டே இன் தி பார்க் வித் ஜார்ஜ்' அங்கே வந்தது அப்படித்தான்.

1983 ஜூலையில் பட்டறைக் காட்சிகளாக, அதாவது முழுத் தயாரிப்புக்கு முந்தைய சோதனைக் காட்சிகளாக, அது நடந்தது. மொத்தம் 25 காட்சி. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், முதல் பாகம் மட்டும்தான் தயாராக இருந்தது. வந்தவர்கள் பாதி நாடகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் பாகம் கடைசி மூன்று காட்சிகளில்தான் மேடைக்கு வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய, பிராட்வேயின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரான மனிதர், முடிக்காத வேலையை ஆட்கள் முன்னால் வைத்துவிட்டு, கண்ணுக்கு முன்னே மீதியை எழுதினார். பெரிய அரங்கில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அங்கே போட்ட பணம் ஒவ்வொரு இரவும் கணக்குக் கேட்கும்.

அடுத்த வருடம் மே மாதம் பிராட்வேயின் பூத் அரங்கில் திறந்தார்கள். அங்கேயும் திறப்பு விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்புதான் இரண்டாம் பாகத்தின் இரண்டு முக்கியப் பாடல்கள் வந்து சேர்ந்தன. 604 காட்சிகள் ஓடியது, 1985இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசும் கிடைத்தது. அதுவரைக்கும் அந்தப் பரிசை வாங்கிய மியூசிக்கல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு பிரதி மேடைக்கு வரும்வரை என்ன நடக்கும்?

முதலில் வாசிப்பு. நடிகர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிரதியைக் கையில் வைத்துப் படிப்பார்கள். எழுத்தாளர் காதை மட்டும் தீட்டிக்கொண்டு கேட்பார். எங்கே சிரிப்பு வருகிறது, எங்கே இருமல் வருகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறகு திருத்தம், மறுபடி வாசிப்பு. மியூசிக்கல் என்றால் ஒரு பியானோவை வைத்துப் பாடிப் பார்ப்பது. அப்புறம் பட்டறை: சில வாரம் ஒத்திகை, ஒப்புக்கு ஒரு மேடையமைப்பு, உடை கிடையாது அல்லது பாதி உடை, அழைக்கப்பட்ட சிலர் முன்னால் காட்சி. இதையெல்லாம் தாண்டினால்தான் முழுத் தயாரிப்பு. அதிலும் முதல் சில வாரம் முன்னோட்டக் காட்சிகள். பகலில் திருத்தம், இரவில் காட்சி என்று போகும். விமர்சகர்கள் அதற்குப் பிறகுதான் வருவார்கள்.

மியூசிக்கலுக்கு இந்தப் பாதை நீளமானது. நாடகத்தில் ஒரு காட்சியை வெட்டினால் வெட்டியதுதான். மியூசிக்கலில் ஒரு காட்சியை வெட்டினால் அதன் பாட்டு போகிறது, பாட்டில் இருந்த மெட்டு பின்னால் திரும்பி வரும் இடம் அர்த்தம் இழக்கிறது, வாத்தியக்காரர்களுக்கான தாள்களை மறுபடி எழுத வேண்டும், நடனத்தை மறுபடி அமைக்க வேண்டும். மூன்று நாலு வருடம் என்பது சாதாரணம்.

ஏஜென்ட் இல்லாத எழுத்தாளர் தபாலில் அனுப்பிய பிரதியையும் எடுத்துப் படிக்கும் வழக்கத்தை இந்த அரங்கு நெடுங்காலம் வைத்திருந்தது. அதற்கு ஆகும் உழைப்பை நினைத்துப் பாருங்கள்.

பாட்டு இல்லாத நாடகங்களில் பெரிதாகப் போனவை எவை?

'டிரைவிங் மிஸ் டெய்சி'யிலிருந்து தொடங்கலாம். ஆல்ஃபிரட் யூரி அதுவரை மியூசிக்கல்களுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தார். இது அவருடைய முதல் நாடகம். அட்லாண்டாவில் தன் பாட்டியிடம் கார் ஓட்டியவரின் நினைவிலிருந்து எழுதியது. 1987 ஏப்ரலில் அப்போதைய மாடிக் கூடத்தில், 74 இருக்கை முன்னால், சில வாரங்களுக்கு என்றுதான் போட்டார்கள். ஓட்டுநராக நடித்தவர் மோர்கன் ஃபிரீமன். இடம் போதாமல் பக்கத்துப் பெரிய அரங்குக்கு மாற்றி, மொத்தம் 1,195 காட்சிகள் போனது. 1988இல் புலிட்சர், 1989இல் திரைப்படம், அதற்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர்.

வெண்டி வாஸர்ஸ்டீனின் கதை இன்னும் நீளம். மாணவப் பருவத்தில் அவர் எழுதிய நாடகம் ஒன்று 1973இலேயே இந்தக் குழுவின் மேடையைப் பார்த்தது. 'இஸின்ட் இட் ரொமான்டிக்' வேறோர் அரங்கில் நடந்து சரியாகப் போகாதபோது, அதைத் திருத்தி எழுத வைத்து 1983இல் இங்கே மறுபடி போட்டார்கள். அது வெற்றி பெற்றது. 1988 டிசம்பரில் 'தி ஹெய்டி க்ரானிக்கிள்ஸ்'. அடுத்த வருடம் அது பிராட்வே போய்ப் புலிட்சரும் டோனியும் சேர்த்து வாங்கியது. முதல் நாடகத்துக்கும் இதற்கும் இடையில் பதினைந்து வருடம்.

சான்ட்ஹைமின் 'அசாசின்ஸ்' இங்கே தோல்வி என்று சொல்கிறார்களே?

பிராட்வே போகவில்லை என்ற அர்த்தத்தில் மட்டும் சரி. அமெரிக்க ஜனாதிபதிகளைக் கொன்றவர்களையும் கொல்ல முயன்றவர்களையும் மேடையில் நிறுத்திப் பாட வைக்கும் மியூசிக்கல் அது. ஜான் வைட்மனோடு எழுதியது. 1990 டிசம்பரில் திறந்தது. மூன்றே மூன்று வாத்தியக்காரர்கள். டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தது. விமர்சனங்கள் கலவையாக வந்தன. 1991 ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கி, நாடு முழுக்கக் கொடி பறந்துகொண்டிருந்த நேரம். நாடகம் எழுப்பிய கேள்விகளுக்குக் காது கொடுக்க யாரும் இல்லை. பிப்ரவரியில் முடிந்துவிட்டது.

2001இல் பிராட்வேக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டு, செப்டம்பர் 11 தாக்குதலால் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் 2004இல் நடந்து, சிறந்த மறுமேடையேற்றம் உட்பட ஐந்து டோனி வாங்கியது. படைப்பின் அடிப்படை மாறவில்லை. இன்று கல்லூரிகளில்கூட விரும்பிப் போடுகிற மியூசிக்கல் இது. முதல் இடம் கொடுக்க ஒருவர் இல்லாமல் போயிருந்தால் இரண்டாவது வாய்ப்புக்கே வழி இருந்திருக்காது.

இதே போல மெதுவாக வளர்ந்தவை வேறு உண்டா?

நிறைய. என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது 'ஃபிளாய்ட் காலின்ஸ்'. 1925இல் கென்டக்கியில் ஒரு குகைக்குள் சிக்கிக்கொண்ட மனிதனின் உண்மைக் கதை. அவன் உள்ளே சாவோடு போராட, வெளியே பத்திரிகைக்காரர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் கூடித் திருவிழாவே நடத்திவிடுகிறார்கள். ஆடம் கெட்டலின் இசை, டீனா லாண்டாவின் கதையும் இயக்கமும். நாயகன் முதல் காட்சிகளிலேயே குகையின் எதிரொலியோடு சேர்ந்து தானே தனக்குப் பாடுகிறான். 1996இல் இந்த அரங்கில் 25 காட்சி, அவ்வளவுதான். ஆனால் ஒலிப்பதிவு வெளிவந்தது. அதைக் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை இசையமைப்பாளர்கள் வளர்ந்தார்கள். முதல் பிராட்வே மேடை 2025இல்தான் கிடைத்தது.

ஜீனீன் டெசோரியின் 'வயலட்' 1997இல் இங்கே நடந்து, 2014இல் பிராட்வே பார்த்தது. எதிர்த்திசையில், 'ஒன்ஸ் ஆன் திஸ் ஐலேண்ட்' 1990 மே மாதம் இங்கே திறந்து அதே வருடம் அக்டோபரில் பிராட்வேயில் இருந்தது. எது எப்போது பழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பணம் எங்கிருந்து வருகிறது?

டிக்கெட் பணத்தால் மட்டும் ஓடாது. கணக்கு எளிது: 198 இருக்கை, வாரத்துக்கு எட்டுக் காட்சி என்றால், எல்லாம் நிறைந்தாலும் 1,584 டிக்கெட். பெரிய பிராட்வே அரங்கு ஒன்று அதை ஒரே இரவில் விற்றுவிடும். இதில் நடிகர்கள், வாத்தியக்காரர்கள், மேடைப் பணியாளர்கள் எல்லோருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். மீதியை நன்கொடையும் அறக்கட்டளைகளின் உதவியும் கொஞ்சம் அரசு மானியமும் நிரப்புகின்றன. பருவம் முழுவதற்கும் முன்கூட்டியே பணம் கட்டும் சந்தாதாரர்கள் இன்னொரு தூண். நாடகத்தின் பெயரே தெரியாமல் காசு கொடுக்கிறவர்கள் இவர்கள். புதிய எழுத்தை உண்மையில் தாங்கிப் பிடிப்பது இவர்களுடைய நம்பிக்கைதான்.

சில மியூசிக்கல்களுக்கு, பிராட்வே கொண்டுபோகும் ஆசையில் வணிகத் தயாரிப்பாளர் ஒருவர் தொடக்கத்திலேயே பணம் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. பணம் தேவை என்பது புரிகிறது. ஆனால் கொடுத்தவருக்கு அவசரம் இருக்கும், எழுத்தாளருக்கு இன்னும் ஒரு வருடம் வேண்டியிருக்கும். அந்த இடத்தில் அரங்கு எழுத்தாளர் பக்கம் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சந்தாதாரர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால்?

2013இல் அதுவும் நடந்தது. ஆனி பேக்கரின் 'தி ஃபிளிக்', நலிந்து போன ஒரு சினிமா அரங்கில் காட்சி முடிந்தபின் சிந்திய பாப்கார்னைப் பெருக்கும் ஊழியர்களைப் பற்றியது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், நீண்ட நீண்ட மௌனங்கள் வேறு. இடைவேளையில் எழுந்து போனவர்கள் பலர், புகார்களும் வந்தன. கலை இயக்குநர் டிம் சான்ஃபோர்ட் சந்தாதாரர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். இந்த நாடகத்தை ஏன் எடுத்தோம், ஏன் அதை வெட்டிச் சுருக்கவில்லை என்று விளக்கினார். நாடகம் அப்படியே நடந்தது, 2014இல் புலிட்சர் வாங்கியது. பரிசு கிடைக்காமல் போயிருந்தாலும் அந்தக் கடிதம் சரியானதுதான். பார்வையாளரை மதித்துக் காரணம் சொல்வதும் எழுத்தாளரை விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் ஒரே நேரத்தில் முடியும் என்று அது காட்டியது.

'எ ஸ்ட்ரேஞ்ச் லூப்' பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

பிராட்வே போகாமலே புலிட்சர் வாங்கிய முதல் மியூசிக்கல் அது. மைக்கேல் ஆர். ஜாக்சன் இருபதுகளின் தொடக்கத்தில் தனிமொழியாக எழுதத் தொடங்கி, பாட்டு சேர்த்து, மாற்றி மாற்றி, கிட்டத்தட்ட இருபது வருடம் கூடவே சுமந்த படைப்பு. பிராட்வே மியூசிக்கல் ஒன்றில் டிக்கெட் பார்த்து இடம் காட்டும் வேலை செய்யும் கறுப்பின, தன்பாலீர்ப்புள்ள இளைஞன் ஒருவன், தன்னைப் போன்ற ஒருவனைப் பற்றி மியூசிக்கல் எழுதப் போராடுகிறான். அவனை இடித்துரைக்கும் எண்ணங்களாக ஆறு நடிகர்கள். 2019இல் இங்கே திறந்தது, 2020இல் புலிட்சர், 2022இல் பிராட்வேயில் சிறந்த மியூசிக்கலுக்கான டோனி.

'ஸ்டீரியோஃபோனிக்' நாடகமா, மியூசிக்கலா?

நாடகம்தான், டோனி கணக்கிலும் அப்படித்தான். 1970களில் ஓர் இசைக்குழு ஆல்பம் பதிவு செய்கிறது. பாட்டு வந்தால் அது ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுவதால் வருகிறது. எழுத்து டேவிட் அட்ஜ்மி, பாடல்கள் வில் பட்லர். நடிகர்களே வாத்தியம் வாசித்தார்கள். 2023இல் இங்கே நடந்து, மறு வருடம் பிராட்வேயில் 13 டோனி பரிந்துரை பெற்றது. அதற்கு முன் எந்த நாடகமும் அத்தனை பெற்றதில்லை. சிறந்த நாடகம் உட்பட ஐந்து விருது கிடைத்தது.

தலைமை மாறியபோது அரங்கின் போக்கு மாறியதா?

சாய்வு மாறியது, அடித்தளம் மாறவில்லை. பிஷப் 1992 தொடக்கத்தில் லிங்கன் சென்டர் அரங்குக்குப் போனார். வைட்ஸ்மனும் அங்கே போய்ச் சேர்ந்தார். அடுத்து டான் ஸ்கார்டினோ சில வருடம். 1996இலிருந்து 2020வரை சான்ஃபோர்ட். 'ஐ ஆம் மை ஓன் ஒய்ஃப்', 'கிரே கார்டன்ஸ்', 'கிளைபோர்ன் பார்க்' எல்லாம் அவர் காலத்தவை. அவருக்குப் பின் ஆடம் கிரீன்ஃபீல்ட் பொறுப்பேற்றபோது பெருந்தொற்றால் அரங்குகளே பூட்டிக் கிடந்தன.

இப்படி இன்னும் அரங்குகள் இருக்கின்றனவா?

நியூயார்க்கிலேயே இருக்கின்றன. 'ரென்ட்' (1996) நியூயார்க் தியேட்டர் வொர்க்ஷாப்பில் பிறந்தது. 'அவென்யூ க்யூ' (2003) வின்யார்ட் அரங்கில். அளவில் பெரிய பப்ளிக் தியேட்டரில் 'எ கோரஸ் லைன்' (1975), 'ஹாமில்டன்' (2015).

எதிலிருந்து தொடங்குவது?

ஒலிப்பதிவுகள் எளிதாகக் கிடைக்கின்றன, அங்கிருந்தே தொடங்குங்கள். 'ஒன்ஸ் ஆன் திஸ் ஐலேண்ட்' முதல் தடவையிலேயே பிடித்துவிடும். அடுத்து ஃபின்னின் மார்வின் கதைகளை எழுதப்பட்ட வரிசையிலேயே கேளுங்கள். மூன்றாவதுக்கு நேராகத் தாவ வேண்டாம். 'சண்டே இன் தி பார்க்' முதல் அரங்கேற்றக் குழுவின் பிராட்வே காட்சி ஒளிப்பதிவாகவே இருக்கிறது, ஆகவே அதைப் பார்க்கலாம். 'ஃபிளாய்ட் காலின்ஸ்' கொஞ்சம் கடினம், இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகுதான் உள்ளே விடும். 'தி ஃபிளிக்' படிக்கக் கிடைத்தால், மௌனம் என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு இடத்திலும் நிஜமாகவே நிறுத்திப் படியுங்கள்.